கொழும்பு நகரில் மண்ணெண்ணெய்: கலமும் காப்பும்

குளிர் நாடுகளிலே வீட்டின் நிலவறையில் எண்ணெய்த் தாங்கியொன்றை அமைத்து, அதனின்றும் குழாய்வழியே உலைக்கு எண்ணெய் செலுத்தி, இல்லம் முழுவதையும் வெப்பமூட்டும் வழக்கம் உண்டு. ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியசை ஒட்டிய சராசரி வெப்பநிலையைக் கொண்ட கொழும்பு நகரத்தில் அத்தகைய தாங்கிக்குத் தேவை எழுந்ததில்லை. ஆயினும் எரியும் எண்ணெயை வீட்டினுள்ளே வைத்துக்கொண்டு வாழும் அனுபவம் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ புதியதன்று. குளிர்நாட்டு வீட்டில் அது ஆயிரக்கணக்கான லீற்றராக நிலவறையிற் கிடந்தது. கொழும்பு வீட்டிலே போத்தலிலும் தகரத்திலும் விளக்கின் வயிற்றிலும் அடுப்பின் கிண்ணத்திலும் சிறுகச் சிறுகக் கிடந்தது. அளவு வேறாயினும் இடர் ஒன்றே. இந்நகரின் எண்ணெய் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விலையையும் அரசியலையுமே பேசுவர். எண்ணெய் எத்தகைய கலத்தில் இருந்தது, அக்கலத்துக்கும் சுவாலைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்னும் வினாக்கள் அற்பமானவையாகத் தோன்றுதலின் அவை ஒதுக்கப்பட்டன போலும். உயிரிழப்புகளின் பெரும்பகுதி அவ்வினாக்களுக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றது.

பெயரிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. மண்ணெண்ணெய் என்னும் தமிழ்ச் சொல்லும் பூமிதெல் என்னும் சிங்களச் சொல்லும் ஒரே பொருளைத் தருவன. நிலத்தின் அடியிலிருந்து வந்த நெய் என்பதே இரு மொழியாளரின் வியப்பும். தமிழகத்தார் அதனைச் சீமெண்ணெய் என்றனர். கப்பலேறி வந்த அந்நியப் பொருள் என்பது அவர்தம் கணிப்பு. யாழ்ப்பாணத்து முதியோர் லாம்பெண்ணெய் என்றனர். அது பயன் கருதி வந்த பெயர். மேலைநாட்டில் அதற்குக் கெரசின் என்று பெயரிட்ட ஏபிரகாம் கெஸ்னர் மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டார். இப்பெயர்களுள் எதுவும் அதன் ஆபத்தைச் சுட்டவில்லை. யாவும் எண்ணெய் என்றே அதனை அழைத்தன. தீங்கு தொடங்கியது இங்கேதான் எனலாம்.

ஏனெனில், அதற்கு முன்னர் ஈழத்து வீடுகளில் எரிந்தவை தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இலுப்பையெண்ணெயும். இவை 200 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவதில்லை. அகல்விளக்குச் சரிந்தால் எண்ணெய் சிந்தும். திரி பெரும்பாலும் அணைந்துவிடும். சாணம் மெழுகிய தரையில் ஒரு கறை எஞ்சும். எரியும் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது அன்றாடச் செயல். அது மங்கலமாகவுங் கருதப்பட்டது. அந்தக் கையும் அந்தப் பழக்கமும் அப்படியே புதிய எண்ணெய்க்கு மாறின. பல நூற்றாண்டுகளாகப் பழகிய ஒழுக்கம் ஒரே தலைமுறையில் பிழையாகிவிட்டதை எந்த வீட்டிலும் எவரும் அறிவித்துச் செல்லவில்லை.

எண்ணெய் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகின்றது என்னும் உண்மையை அளவைக்கு உட்படுத்தியவர் ஆங்கில இரசாயன அறிஞர் பிரெடெரிக் ஏபெல். மூடிய சிறு கிண்ணத்தில் எண்ணெயை மெல்லச் சூடேற்றி, இடையிடையே சிறு சுவாலையைக் காட்டி, எவ்வெப்பநிலையில் ஆவி பளிச்சிடுகின்றது என்று காண்பது அவர் வகுத்த முறை. 1879ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் இம்முறையை ஏற்று, 73 பாகை பரன்ஹைட்டை எல்லையாக விதித்தது. அஃதாவது ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ். இலண்டன் மாநகரின் கூதிர்காலத்தில் இவ்வெல்லை போதுமானது. கொழும்பின் நண்பகல் வெப்பமோ 30 பாகை செல்சியஸ். இலண்டனில் அபாயமற்றது எனச் சான்று பெற்ற எண்ணெய், கொழும்புத் துறையில் இறங்கும்போதே தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பிக்கொண்டிருக்கக்கூடும். வெப்ப நாடுகளுக்கென இச்சோதனையின் செய்முறை பின்னர் திருத்தப்பட்டது. குடியேற்ற நாட்டின் அளவுகோல் ஆளும் நாட்டின் காலநிலைக்கு ஏற்ப வெட்டப்பட்டிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இலங்கையில் 1887ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கப் பெற்றோலியக் கட்டளைச் சட்டம் இப்பொருளின் இறக்குமதியையும் உடைமையையும் ஒழுங்குபடுத்த முற்பட்டது. சட்டத்தின் கண் துறைமுகத்திலும் களஞ்சியத்திலும் நின்றது. அடுக்களைக்குள் அது நுழையவில்லை.

தொடக்க காலத்தில் மண்ணெண்ணெய் தகரக் கலங்களில் வந்தது. ஏறத்தாழ 19 லீற்றர் கொள்ளும் தகரங்கள் இரண்டை ஒரு மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவது அமெரிக்க வணிகரின் வழக்கம். 1892ஆம் ஆண்டிலே மார்க்கஸ் சாமுவேலின் மியூரெக்ஸ் என்னும் தாங்கிக் கப்பல் பாற்றூமி எண்ணெயைக் கலமின்றித் தன் வயிற்றிலேயே ஏற்றிக்கொண்டு சுயஸ் கால்வாயைக் கடந்து கீழைத்தேயம் வந்தது. வணிகருக்கு இது பெரும் மிச்சம். ஆனால் ஆசிய மக்கள் எண்ணெயை மட்டுமன்றித் தகரத்தையும் எதிர்பார்த்திருந்தனர். நீர் மொள்ளவும் அரிசி இட்டுவைக்கவும் கூரை ஒட்டவும் அத்தகரம் பயன்பட்டது. எனவே கலமின்றி வந்த எண்ணெயைக் கரையிலே மீண்டும் தகரத்தில் அடைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதனை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுதல் உண்டு. கலத்தின் பெறுமதியைக் கம்பெனியைவிட ஏழைக் குடியானவன் நன்கறிந்திருந்தான் என்பதே இதன் பொருள். ஆயின் அதே தகரம் பின்னர் துருவேறி, மூடி இழந்து, எண்ணெய் இருந்ததா நீர் இருந்ததா என்று அறிய முடியாத கலமாக வீட்டின் மூலையில் நின்றபோது அதுவே ஆபத்துக்கும் காரணமாயிற்று.

பெருந்தாங்கிகளின் வரலாறு வேறு திசையிற் செல்கின்றது. துறைமுகத்தில் இறக்கிய எண்ணெயை நகரத்துக்கு வெளியே கொண்டுசென்று சேமிப்பதே அறிவுடைமை எனக் கொண்ட கம்பெனிகள் நகர எல்லைக்குக் கிழக்கே கொலன்னாவையில் தாங்கிகளை நிறுவின. துறைமுகத்திலிருந்து அங்கு எண்ணெய் குழாய்வழியே சென்றது. இத்தாங்கிகளின் அமைப்பு நோக்கத்தக்கது. ஒவ்வொரு தாங்கித் தொகுதியையுஞ் சுற்றி அணைபோன்ற மதில் எழுப்பப்படும். தாங்கி பிளந்தாலும் எண்ணெய் அம்மதிலைத் தாண்டி ஓடாது. உராய்வினாற் பிறக்கும் மின்னேற்றம் பொறியாகாதவாறு கம்பியொன்று தாங்கியை நிலத்தோடு இணைக்கும். அடியிலே சேரும் நீரைக் காலந்தவறாது வடித்துவிடுவர். இன்றேல் அடித்தகடு உட்புறமாக அரிக்கும். வெப்பத்தில் எண்ணெய் விரிதற்கெனத் தாங்கியின் மேற்பகுதியில் வெற்றிடம் விடுவர். 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மண்ணெண்ணெய் நூற்றில் ஒரு பங்களவு பருக்கும். இந்நான்கு விதிகளும் ஐந்து லீற்றர் கலத்துக்கும் பொருந்துவனவே. வெள்ளவத்தைப் பெண்மணி ஒருவருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு துண்டுத்தாள் போதும். பொறியியலாளரின் நூலில் நிறைவாய் இருந்த அறிவு அடுக்களைக்கு வந்து சேரவில்லை என்பதே குறை.

நகரத்தை விட்டு விலகிய தாங்கிகளை நகரம் பின்தொடர்ந்து சென்றது. கொலன்னாவையும் ஒருகொடவத்தையும் நெருக்கமான குடியிருப்புகளாயின. கொட்டாஞ்சேனையை அடுத்த வடகொழும்பிலிருந்து கொலன்னாவை வரையிலான நிலத்தடிக் குழாய்களின் மேலும் அருகிலும் வறியோரின் வீடுகள் எழுந்தன. பழுதுற்ற குழாய்களை மாற்றுவதற்கு அவ்வீடுகளே தடையெனப் பிற்காலத்தில் அதிகாரிகள் கூறினர். வேறிடம் கொடுக்கப்படாதவர்கள் எங்கே சென்றிருப்பர் என்பது அவர்களின் அறிக்கைகளில் இடம்பெறும் வினாவன்று.

வீட்டுக்கு எண்ணெய் வந்த வழியும் குறிப்பிடற்பாலது. உருளை வடிவத் தாங்கி பொருத்திய மாட்டுவண்டி கொழும்புத் தெருக்களிலே நெடுங்காலம் ஓடியது. மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னரும் அது மறையவில்லை. ஒருவகையில் அது அறிவார்ந்த ஊர்தி: பொறி கிளப்பும் இயந்திரம் அதில் இல்லை. வண்டியிலிருந்து கடைக்காரரின் பீப்பாய்க்கும், பீப்பாயிலிருந்து வாடிக்கையாளரின் போத்தலுக்கும் எண்ணெய் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் புனல் ஒன்றும் சிந்துதல் ஒன்றும் உண்டு. போத்தல் எதுவென்பதில் எவரும் கவனஞ் செலுத்தவில்லை. சோடாப் போத்தலில் நிறமற்ற எண்ணெயைக் கண்ட சிறுகுழந்தை அதனைத் தாகத்துக்குக் குடித்துவிடுவது இலங்கை வைத்தியசாலைகளின் குழந்தை விடுதிகளுக்கு நன்கு பழகிய செய்தி. அவ்வாறு குடித்த எண்ணெய் இரைப்பையினும் நுரையீரலுக்கே அதிகம் ஊறுசெய்யும். வாந்தி எடுக்கச் செய்தல் ஆகாது. தீயில்லாமலே கலம் செய்த கேடு இது.

1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. மறு ஆண்டில் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய கம்பெனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதியை அது ஏற்றது. நட்டஈடு குறித்த பிணக்கினால் 1963ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ணெய் வணிகம் முழுவதும் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. 1969ஆம் ஆண்டில் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. இவை பலருமறிந்தவை. 1979ஆம் ஆண்டில் உணவு முத்திரையோடு மண்ணெண்ணெய் முத்திரையும் வறிய குடும்பங்களுக்கு வழங்கப்பட்டமை அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. ஏழையின் வீட்டில் அரிசிக்கு அடுத்த இடத்தை எண்ணெய் பெற்றிருந்தமையை அரசே ஒப்புக்கொண்ட செயல் அது. எண்ணெய்க்கு முத்திரை கொடுத்த அரசு கலத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அக்காலத்து வெள்ளவத்தையின் வாடகை அறைகளிலும் சிறு வீடுகளிலும் விறகுக்கு இடமில்லை, புகைக்கு வழியுமில்லை. எழுதுவினைஞரும் மாணவரும் மண்ணெண்ணெய் அடுப்பையே நம்பினர். அவ்வடுப்புகள் இருவகையின. 1892ஆம் ஆண்டளவில் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் அமைத்த பிறைமஸ் அடுப்பு, காற்றடித்து எண்ணெயை அழுத்தத்தில் மேலேற்றி ஆவியாக்கி எரிப்பது. துளை அடைபட்டுக் கிடக்கையில் மேலும் மேலும் காற்றடித்தால் வெடிக்கவல்லது. மற்றது திரி அடுப்பு. அது வெடிப்பது அரிது. ஆனால் அதன் கிண்ணம் சுவாலைக்குச் சாண் தொலைவிலேயே இருப்பது. எரிந்துகொண்டிருக்கையில் எண்ணெய் ஊற்றுவோருக்கு அச்சாண் தொலைவும் இல்லாதொழிகின்றது. திரி தன் குழலில் இறுக்கமாக அமையாவிடின் சுவாலை இடைவெளிவழியே கீழிறங்கும். வெள்ளவத்தைக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. புகையிரதப் பாதைக்கு அப்பால் உடனே கடல். உப்புக்காற்று தகரத்தை ஓராண்டில் பொத்தலாக்கும். கலத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் இல்லாத வீட்டில் முதலில் மணமே செய்தி சொல்லும். பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் இவையனைத்தினும் கொடியது. தூய மண்ணெண்ணெயின் ஆவி பளிச்சிடுவதற்கு 38 பாகை செல்சியசேனும் வேண்டும். பெற்றோலுக்கு உறைநிலைக்குக் கீழே 40 பாகையும் போதுமானது. சிறிதளவு கலப்பும் ஆவி பளிச்சிடும் வெப்பநிலையைத் தாழ்த்திவிடும்.

1983ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தை உள்ளிட்ட தமிழர் செறிந்த பகுதிகளைச் சூழ்ந்தது. வழியில் மறிக்கப்பட்ட வாகனங்களிலிருந்து பெற்றோல் எடுக்கப்பட்டது. கலங்களில் எண்ணெய் கொண்டுவரப்பட்டது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. காப்பான கலம், ஏற்ற திரி, போதிய தூரம் என்று இதுவரை கூறியவை யாவும் தீயைத் தவறுதல் எனக் கொண்டே கூறப்பட்டவை. தீ நோக்கமாகும்போது அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. இதனை இவ்வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டு வெள்ளவத்தையின் எண்ணெயைப் பற்றி எழுதுதல் நேர்மையாகாது.

அவ்வழிவுக்குப் பின்னர் நாட்டைவிட்டுச் சென்றோருட் பலர் ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழத் தலைப்பட்டனர். முற்கூறிய நிலவறைத் தாங்கி அந்நாட்டு வீடுகள் பலவற்றில் உண்டு. அங்கே தாங்கியைச் சுற்றி எழுப்பப்படும் தடுப்பு, தாங்கியின் எண்ணெய் முழுவதும் வெளியேறினாலும் அதனைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீர் கெடலாகாது என்பது சட்டத்தின் அக்கறை. கொலன்னாவையின் அணைமதில் அங்கே வீட்டின் அளவுக்குக் குறுகி வந்து நின்றது.

நாட்டில் எஞ்சியோரின் அனுபவம் வேறு. 1990க்குப் பின்னர் வடக்கிலே மண்ணெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்து வீடுகளில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அதனை நனைக்கும் அளவே எண்ணெய் வார்த்து விளக்கெரித்தனர். சிக்கனத்துக்காகச் செய்த அவ்விளக்கில் சரிந்தாலும் சிந்துவதற்கு எண்ணெய் இல்லை. வறுமை தற்செயலாகக் கண்டுபிடித்த காப்பு இது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில், யாழ்ப்பாணத்தை நோக்கிய படைநடவடிக்கை தொடங்கிய சில நாட்களுள், 20ஆந் திகதி கொலன்னாவை, ஒருகொடவத்தைத் தாங்கிகளை விடுதலைப் புலிகள் தாக்கினர். பாதுகாப்புப் பிரிவினர் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின்மேற் கரும்புகை கவிந்தது. அயலிலுள்ள மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 2007ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப் போட்டி நடந்த இரவில், கொலன்னாவை மீண்டும் வான்வழியே தாக்கப்பட்டது. ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே என்று தெரிவுசெய்யப்பட்ட இடம் அது.

சிறு கலத்தின் வரலாற்றில் திருப்பம் உண்டாக்கியவர் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். வைத்தியர் விஜய கொடகும்புர எரிகாயமுற்றோருக்குப் பண்டுவம் செய்தபோது, அவர்களுட் பலர் குப்பி விளக்குச் சரிந்தமையால் எரிந்தவர்கள் என்பதைக் கண்டார். பயன்தீர்ந்த போத்தலின் வாயில் தகரக் குழல் செருகிய அவ்விளக்கு உயரமானது, இலேசானது, மூடி இறுகாதது. கையோ பூனையோ தட்டினால் உருண்டோடி எண்ணெயைச் சிந்தும். மக்களைக் கவனமாயிருக்கச் சொல்லும் சுவரொட்டியோடு அவர் அமையவில்லை. விளக்கின் வடிவத்தையே மாற்றினார். மாமைற் போத்தலின் குட்டையான உருவம் அவருக்கு வழிகாட்டியது. 1992ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய முயற்சியிற் பிறந்த சுதீப விளக்குக் குட்டையானது, கனத்த கண்ணாடியாலானது, பக்கங்கள் இரண்டு தட்டையாதலின் சாய்ந்தாலும் உருளாது, திருகுமூடி உடையதாதலின் சிந்தாது. மலிவு விலையில் இலட்சக்கணக்கில் அது மக்களைச் சென்றடைந்தது. 1998ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் நுழையாத அடுக்களைக்குள் நூறாண்டுக்கும் மேலான காலங்கழித்து ஒரு போத்தல் நுழைந்தது. வரலாற்றாசிரியர் அணைக்கட்டுகளுக்கும் ஆலைகளுக்கும் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றையேனும் இப்போத்தலுக்குக் கொடுத்தல் தகும்.

போரின் காரணமாக வடக்கு, கிழக்கிலிருந்து வந்தோராலும் பெருகிய வெள்ளவத்தை, அடுக்குமாடிகளின் நகரமாயிற்று. எரிவாயுச் சிலிண்டர் மண்ணெண்ணெய்த் தகரத்தின் இடத்தைப் பிடித்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு சார்ந்த வெடிப்புகள் நிகழ்ந்தன. புறோப்பேன், பியூற்றேன் ஆகியவற்றின் கலப்பு விகிதம் மாற்றப்பட்டமை விவாதத்துக்குள்ளாயிற்று. புறோப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டரினுள் அழுத்தமும் கூடும். பழைய அழுத்தத்துக்கென அமைந்த குழாயும் இணைப்பும் அதனைத் தாங்குமோ என்பது மீண்டும் கலத்தைப் பற்றிய வினாவே. அடுத்த ஆண்டில் எரிவாயுவே கிடைக்காதொழிந்தது. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. எட்டாம் மாடியில் விறகடுப்பு மூட்ட இயலாதவர்கள் மண்ணெண்ணெய்க்காகக் கான்களோடு வரிசையில் நின்றனர். திரி அடுப்புகள் மீண்டும் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியோருட் பலர் அத்தகைய அடுப்பை முன்பு கையாண்டறியாத தலைமுறையினர். வரிசையின் நீளத்துக்கு அஞ்சி வீடுகளில் எரிபொருளைச் சேர்த்துவைக்கும் வழக்கம் பரவியது. பெற்றோலையும் டீசலையும் கான்களில் வழங்குவது தடைசெய்யப்பட்டது. ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரொன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. முத்திரை கொடுத்த காலம் மலையேறிவிட்டது. சேர்த்த எண்ணெயை வெள்ளவத்தைக் குடும்பங்கள் குடிநீர் விற்கும் பிளாஸ்திக்குப் போத்தல்களில் ஊற்றி, பல்கனியின் மூலையில், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தன.